நிறம் எண் பதினொன்று

என் பெயர் வெள்ளையம்மா.
சிரித்துவிட்டுப் படியுங்கள், காத்திருக்கிறேன்.

கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர்,
எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும்
என் கைப்பேசிதான் அடிக்கும்.
மோட்டார், ஃபுட்வால்வு, வெள்ளாட்டுக் குட்டி.
ஒருமுறை ஆத்தங்குடியில்
புருஷன்மேல் இருந்த கோபத்தில் ஒருத்தி
கழற்றி எறிந்த எட்டுப் பவுன் சங்கிலி.
ஆள் விழுந்தால்
தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்,
இறங்குவது நான்.
அதற்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

அப்படித்தான் படக்காரர்கள் என்னைக் கண்டுபிடித்தார்கள்.
மூச்சடக்கிக் கடலாழம் போகும் பெண்ணின் கதையாம்.
கடலில் அலை அதிகம், காப்பீடும் அதிகம்.
ஆகவே கடலாக நடிக்க
எங்கள் ஊருணி ஒப்பந்தமானது.

புதுச்சேரியிலிருந்து வந்த பயிற்சியாளர்
கடிகாரத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.
மூன்று நிமிடம் நாற்பத்தைந்து நொடி.
"எங்க கத்துக்கிட்டீங்க?"
கத்துக்கல சார்.
கீழ கெடக்குறது கைக்குக் கிடைக்காம
மேல வர முடியாது, அவ்வளவுதான்.

மேக்கப்காரர் என் முன்னங்கையோரம்
வண்ண அட்டையை விரித்தார்.
ஒன்பது இல்லை, பத்து இல்லை,
பதினொன்று என்றார்.
யாரோ குறித்துக்கொண்டார்கள்.
முப்பத்தாறு வருடமாக
எனக்கு ஓர் எண் இருப்பது தெரியாமலே
சோறு தின்றிருக்கிறேன்.

நாயகி இஷானி மும்பைக்காரி, பால்கோவா நிறம்.
விடியலில் இரண்டு மணி நேரம்
அவளுக்குப் பதினொன்று பூசினார்கள்,
காதுமடல், விரலிடுக்கு விடாமல்.
நல்ல பெண். தண்ணீர் என்றால் பயம்.
முதல் படியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
இந்தியில் ஏதோ சாமி கும்பிட்டாள்.

ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது.
அந்த 'யாரும்' என்பதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு.
எங்கள் தெரு அந்த வரிசையிலேயே இல்லை.
குடத்தை மேட்டில் வைத்துவிட்டு
யாராவது மொண்டு ஊற்றும்வரை நின்ற தெரு.
அதெல்லாம் அப்போ, என்பார்கள்.
இப்போது குழாய் வந்துவிட்டது,
நின்றவர்களை யாரும் கேட்பதில்லை.
படத்துக்காக, பத்தே நாளுக்கு,
ஊர்க்கூட்டம் கூடி அனுமதி எழுதிக் கொடுத்தார்கள்.
இறங்கப் போவது யார் என்று கேட்கவில்லை.
தெரிந்த அன்று கரையில் சில முகங்கள் இறுகின.
அதற்குள் முன்பணம் செலவாகியிருந்தது.

நாலாம் நாள் இஷானி கழுத்துவரை இறங்கினாள்.
பூசியது கரைந்தது.
செம்புறாங்கல் படியோரம்
பழுப்பாய் ஒரு மேகம்.
"கட், கட்" என்று துண்டோடு ஓடினார்கள்.
நான் அப்போது அடியில் இருந்தேன்.
அந்த மேகத்தின் ஊடாகத்தான் மேலேறினேன்.
என் நிறம்
என்மேல் ஒட்டாமல்
விலகி விலகிப் போனது.

இயக்குநர் பேட்டியில் சொன்னார்:
"இதுவரைக்கும் திரையில் வராத பெண்களுக்கான படம் இது."
உண்மைதான்.
இன்னும் வரவில்லை.

காரைக்குடியில் இரண்டாம் ஆட்டம்.
நானும் கொழுந்தி பாக்கியமும்.
முதுகு நான், முகம் அவள்.
இறங்குவது நான், ஏறுவது அவள்.
"ஏய், அது உன் குதிகாலு! அந்த வெடிப்பு!"
பாக்கியம் கத்தியதற்கு
முன்வரிசை உஷ்ஷென்றது.
தண்ணீரைப் பிளந்து வந்து
இஷானி மூச்சை இழுத்ததும்
கொட்டகையே கைதட்டியது.
நானும் தட்டினேன்.
நன்றாகத்தான் இழுத்தாள்.
உள்ளே நான் அடக்கிவைத்ததைத்தானே
வெளியே விட்டாள்.

பெயர்கள் ஓடத் தொடங்கின.
பழக்கதோஷம், மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
கேமரா உதவியாளர்கள், சமையல்காரர்கள்,
வேன் ஓட்டியவர்,
ஊருணி தந்த ஊருக்கு நன்றி.
ஒன்றேமுக்கால் நிமிடத்தில்
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
திரை வெளுத்தது.
துடைப்பத்தோடு வந்தவர்
"எந்திரிங்கம்மா" என்றார்.

இன்னும் இரண்டு நிமிடம்
என்னிடம் மிச்சம் இருந்தது.