இடது காலுக்கு வேலை

இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே வருடத்து வண்டிகள்.
பிஸ்மார்க்கில், பழைய வண்டி விற்கும் மைதானத்தில்
பேச்சுவார்த்தை இல்லாத இரட்டையர் போல
பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.
ஒன்றின் கியர்த் தலை
யாரோ ஒருவரின் உள்ளங்கை தேய்த்து வழுவழுப்பு.
மற்றதில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு கொக்கி.
கீழே இழுத்தால் போதும்,
மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

"மேனுவலை இப்போது யார் கேட்கிறார்கள்?"
என்கிறான் டுவைட்.
அப்படியானால் விலை குறையுமா என்றேன்.
கிடைக்காத சரக்கு, ஆயிரம் டாலர் கூட என்றான்.

நான் தேன்காரி.
ஜனவரியில் எங்கள் டகோட்டாவில்
தேனீக்கும் வேலையில்லை, எனக்கும் இல்லை.
தொண்ணூறு பெட்டிகளை டிரெய்லரில் அடுக்கி
வலைபோட்டுக் கட்டி
ஆயிரத்து அறுநூறு மைல்,
கலிஃபோர்னியாவின் பாதாம் பூக்களுக்கு.
ஒவ்வொரு பெட்டிக்குள்ளும்
உடம்போடு உடம்பு ஒட்டிக் குளிர்காயும் ஒரு கூட்டம்.
இறக்கத்தில் நான் பிசகினால்
எனக்குப் பின்னால் தொண்ணூறு ஊர் கவிழும்.

இறக்கம்தான் கேள்வி.
ஏற்றத்தை எந்த வண்டியும் ஏறிவிடும்,
கொஞ்சம் முனகிவிட்டு.
டோனர் கணவாயில் எனக்கு முன்னால் போன லாரியின்
கருகிய பிரேக் வாசனை
இன்னும் மூக்கில் இருக்கிறது.
அடுப்பில் சர்க்கரை தீய்ந்தாலும்
கால் கட்டைவிரல் சுருங்குகிறது.
மூன்றாம் கியரில் போட்டுவிட்டால்
எஞ்சினே வண்டியின் பிடரியைப் பிடித்துக்கொள்ளும்.

இதுவும் பிடிக்கும், என்கிறான் டுவைட்,
இந்தப் பொத்தானை அழுத்துங்கள்,
சரிவை அதுவே மோப்பம் பிடிக்கும்.
இருக்கலாம்.
ஆனால் அது சரிவில் இறங்கிய பிறகுதான் மோப்பம் பிடிக்கும்.
நான் வளைவைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு.
போன மார்ச்சில் எவனோ ராத்திரியில்
என் பழைய பிக்கப்பைத் திருடினான்,
வாசலிலிருந்து தபால் பெட்டி வரைக்கும்.
சக்கரத் தடம் பனியில்
விக்கி விக்கி எழுதியிருந்தது.
நான்கு முறை அணைந்திருக்கிறது.
கதவைத் திறந்துபோட்டு நடந்தே போய்விட்டான்,
என் கையுறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு.
அன்று முழுக்கச் சிரித்தேன்.

செப்டம்பரில்,
நெடுஞ்சாலைக்குப் பதினாலு மைல் உள்ளே,
இருபது வருடம் கொட்டியும் ஒன்றும் செய்யாத விஷம்
திடீரென்று என் தொண்டையை மூடத் தொடங்கியது.
ஆர்டிஸ் என்னைத் தூக்கி வண்டியில் போட்டாள்.
சாவி போட்டாள்.
வண்டி குதித்தது, அணைந்தது.
குதித்தது, அணைந்தது.
நான்கு முறை.
பல்சக்கரம் கடிபட்ட சத்தம்
இப்போதும் கேட்கிறது.
திருடனைத் தடுத்த அதே பூட்டு.

இடம் மாறி நானே ஓட்டினேன்,
வலது கண் வீங்கி மூடிக்கொள்ள,
இடது காலால் கிளட்சைத் தேடித் தேடி.
அவள் பக்கத்தில் உட்கார்ந்து
எண்களைச் சத்தமாகச் சொன்னாள்.
இரண்டு, மூன்று, இப்போது நான்கு.
என்ன எண் என்று அவளுக்கே தெரியாது.

மைதானத்தில் ஆர்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
காபியைப் பிடித்தபடி
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கி வைத்த வண்டியைத்தான் வாங்கினேன்.
முதல் சிக்னலில் என் இடது கால்
பழைய நினைப்பில் கிளட்ச் என்று
அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது.
காபி முழுக்கக் கண்ணாடியில்.
அதிலிருந்து இடது காலை
இருக்கைக்கடியில் மடித்து வைக்கிறேன்,
ஒழுங்கில்லாத பிள்ளையைக் கடைசி பெஞ்சில் வைப்பதுபோல்.

டோனரில் ஆர்டிஸ் ஓட்டினாள்.
டாஷ்போர்டில் இரண்டு ஊசிகள்.
நான் வளைவைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.
வண்டி தானே ஒரு கியர் இறங்கியது,
ஒரு நொடி தாமதமாக.

பின்னால் தொண்ணூறு பெட்டியில்
ஒருத்திக்கும் தெரியவில்லை யார் ஓட்டுகிறார்கள் என்று.
நான் ரெனோ தாண்டியதும் தூங்கியதாக
ஆர்டிஸ் சொல்கிறாள்.
பொய்.
ரெனோ கணவாய்க்கு முன்னால் வருகிறது.

வீட்டில் இப்போது
சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறேன்.
இதை யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம்.