பகாவ் பக்கம்

ஐந்தாம் வகுப்பு. கடைசிப் பாடவேளை.
தவமணி வாய்பிளந்து தூங்குகிறான்.
சரித்திரப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி:
பகாவ் பக்கம் படகுகளைத் தரையில் இழுத்து
ஆறு மாற்றினார்கள்.
எந்தப் பகாவ்? நம் பகாவா?
மணி அடித்துவிட்டது.
பரீட்சையிலும் அது வரவில்லை.

முப்பது வருஷமாய்ச் செம்பனை லாரி.
அந்த மேட்டில் மழை பிடித்தால்
வைப்பர் இடப்பக்கம் தள்ளும் துளி மலாக்கா நீரிணைக்கு,
வலப்பக்கத்துத் துளி தென்சீனக் கடலுக்கு.
பின்னால் ஹாரன் அடிப்பவனுக்கு இதெல்லாம் தெரியாது.

இழுத்தவன் யார்?
தோளில் கயிறா, அடியில் உருட்டுக்கட்டையா?
கூலி கொடுத்தார்களா?
நூலகத்தில் மூன்று மலாய்ப் புத்தகம் புரட்டியாயிற்று,
எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து.

“இந்த வயசுல யாருப்பா பரீட்சை வைக்கப்போறா?”
மகள் சிரிக்கிறாள்.

ஞாயிறு லீவு.
ரப்பர் பூட்சைக் கழுவி
வாசலில் கவிழ்த்திருக்கிறேன்.