போத்தல் போடக் கூடாத நாள்

தூன் என்பது ஊரின் பெயர்.
வந்த புதிதில் நாங்கள் 'தூண்' என்றே எழுதினோம்.
சாய்ந்துகொள்ள ஒன்றும் கிடைக்காத வருடங்களில்
அந்த எழுத்துப்பிழை உதவியாக இருந்தது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை
வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போடக் கூடாது.
கண்ணாடி உடையும் சத்தம் ஓய்வைக் கெடுக்குமாம்.
உடுப்புத் துவைக்கக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது.
சேர்ச்சுக்கு மட்டும் போகாமல் இருக்கலாம்,
அதற்குத் தண்டம் இல்லை.

நாலாம் கட்டளையில் கடவுளை வழித்தெடுத்துவிட்டு
சிரட்டையை மினுக்கி வைத்திருக்கிற சனம் என்று
நேசராசா சிரிப்பார்.
சிரிக்கிறவருக்கு ஞாயிறு இரவு கோப்பை கழுவும் வேலை.
எனக்கு விடிய ஐந்தரைக்கு முதியோர் இல்லம்:
பதினாறு கட்டில், பதினாறு முதுகு.
ஓய்வுநாளை ஆசரிக்கிற நாங்கள்
ஒரு ஞாயிறும் ஓய்ந்ததில்லை.

இரண்டு மணிக்கு வீடு. மூன்று மணிக்கு ஜெபக்கூட்டம்.
ஒன்பது குடும்பம், ஒரு கீபோர்ட்,
பாஸ்டர் ஜெயசீலன் பேர்னிலிருந்து
ரயிலில் சுமந்துவரும் ஒலிபெருக்கி.
மேசைக்கு அடியில் ஒரு பெட்டி,
ஜெர்மன் மொழியில் அச்சடித்த ஐந்நூறு சுவிசேஷப் பிரதி.
ஸ்டேஷன் வாசலில் நான் நீட்டியதில்
பதின்மூன்று போனது.
அதிலும் ஒன்றைத் திருப்பித் தந்தவள்
இலக்கணப் பிழைகளைப் பேனையால் வட்டமிட்டிருந்தாள்.

நத்தாருக்கு ஐந்து கிழமை இருக்க
ஒரு ஞாயிறு, கதவு தட்டப்பட்டது.
மேல்வீட்டு ஸ்பிண்டன்.
செருப்பில்லை, சாம்பல் நிறக் காலுறை.
"இன்றைக்கு ஓய்வுநாள்" என்றார்,
விசுவாசிகளிடம் ஓர் அவிசுவாசி.

பாஸ்டர் ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றினார்.
யாரும் சொல்லாமலே முழங்காலில் நின்றோம்.
சத்தமில்லாத ஜெபம் எங்களுக்குப் பழக்கமில்லை.
முதலில் வயிறுகள் பேசின.
பிறகு ஹீட்டருக்குள் தண்ணீர் நடந்தது.
பிறகு
கூரைக்கு மேலே ஒரு மனிதன்
யன்னலிலிருந்து கதிரைக்கும்
கதிரையிலிருந்து யன்னலுக்கும்
காலுறையோடு போய்ப் போய் வருவது கேட்டது,
ஆமென் வரைக்கும்.
இவ்வளவு வருடமும்
இவருடைய உள்ளங்காலுக்குக் கீழே இருந்துதான்
இந்தத் தேசத்தின் எழுப்புதலுக்காகக் கத்தியிருக்கிறோம்.

செவ்வாய், நிலவறையில் சலவை.
அட்டவணையில் எனக்கு முந்தியது அவர் முறை.
கொடியில் ஒன்றை மறந்துவிட்டுப் போயிருந்தார்:
பெண்ணின் இரவு உடுப்பு, வெளிறிய நீலம்,
கழுத்தில் மூன்று பொத்தான்.
மனுசியை மாசியில் அடக்கம் பண்ணினவர்.
ஒன்பது மாதமாக, யாரும் உடுத்தாத அழுக்கை
இரண்டு கிழமைக்கு ஒருமுறை
நாற்பது பாகையில் துவைக்கிறார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரி போட்டேன்.
ஜெபித்துக்கொண்டு அல்ல. சும்மா.
இல்லத்தில் மடிக்கிற மாதிரிக் கைகளை உள்ளே மடித்து
பொத்தான் மூன்றையும் பூட்டி
நடுவில் ஒரு பிரதியைச் செருகினேன்.
படியில் இரண்டாம் திருப்பத்தில்
அதை உருவி என் பைக்குள் போட்டேன்.
செய்தது சரியா பிழையா என்று
பாஸ்டரிடம் இன்னும் கேட்கவில்லை.

அவர் நன்றி சொல்லவில்லை.
கதவை முழுதாகத் திறக்கவும் இல்லை.
"அவள் மேல் பொத்தானைப் பூட்டுவதில்லை" என்றார்.
அங்கேயே நின்று அதைக் கழற்றினார்.
விரல் நடுங்கியதால் நேரம் எடுத்தது.
நான் போகாமல் நின்றேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு
வேலைக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
சம்பளச் சீட்டில் அந்த ஓட்டை தெரிகிறது.
அன்றைக்குக் குசினியில் உட்கார்ந்து
சும்மா இருக்கப் பழகுகிறேன்.
கை தானாக எழும்பித் துடைக்கத் துணி தேடும்,
கூப்பிட்டு மடியில் வைக்கவேண்டும்.
வாசலில் ஏழு போத்தல், திங்களுக்காக.

மேலே நடை நடக்கிறது.
யன்னல். கதிரை. யன்னல்.
நானும் மூச்சைப் பிடித்துக் கேட்கிறேன்.

கதிரை முனகுகிறது.
உட்கார்ந்துவிட்டார்.