மெய்யெழுத்து

பீன்யா இரண்டாம் கட்டம், மூன்றாம் மாடி.
நடுராத்திரியில்
சில்வண்டு கத்துகிறது என்றேன்.
செண்பகவல்லி எழுந்து விளக்கைப் போட்டாள்.
கட்டிலுக்கடியில், பாத்ரூமில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்
எல்லாம் தேடிவிட்டுச் சொன்னாள்:
இந்தத் தெருவில் மரமே கிடையாது.

அது என் காதுக்குள் இருந்தது.

பதினேழு வருடம் பவர் பிரஸ்.
தகட்டைத் தள்ளு, பெடலை மிதி,
ஒரு வாஷர் விழும்.
ஷிப்டுக்கு ஒன்பதாயிரம் வாஷர்.
அடி விழுவது
தகட்டுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

பாதுகாப்பு வாரத்தில் நஞ்சுண்டப்பா சார்
ஆரஞ்சு நிறத்தில் காதடைப்பான் ஒரு ஜோடி தருவார்.
போட்டோ எடுக்கும்வரை போட்டிருப்போம்.
வீட்டுக்கு வந்தால்
மகளின் பொம்மைக்கு அது தலையணை.
பொம்மை நிம்மதியாகத் தூங்கியது.

போனது ஒரே நாளில் போகவில்லை.
கடுகு வெடிப்பது போயிற்று.
கொலுசு போயிற்று.
யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.
பாக்கு வாங்கி வரச் சொன்னாள்,
சாக்கு வாங்கி வந்தேன்.
முணுமுணுக்காதே, வாயைத் திறந்து பேசு என்று
கோபப்பட்டது நான்தான்.

ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி.
பஞ்சு வைத்துத் தைத்த சுவர், ஒரு கண்ணாடி.
ஓசூர்க்காரப் பெண், பெயர் சுடர்மதி.
கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றாள்.
அமுக்கினேன். அமுக்கினேன்.
பிறகு நெடுநேரம் எதுவுமே வரவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவள் விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
வெட்கமாக இருந்தது.
விரலைப் பார்த்து இரண்டு முறை அமுக்கினேன்.
எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல்
என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

காகிதத்தில் கோடு கொஞ்சதூரம் சமமாக ஓடி
நாலாயிரம் பக்கத்தில்
மழைக்குப் பிந்தைய ரோடு மாதிரி
பள்ளத்தில் இறங்கியது.

உங்களுக்கு உயிரெழுத்தெல்லாம் கேட்கிறது,
மெய்யெழுத்துதான் போய்விட்டது என்றாள்.
ஆ, ஈ, ஊ வீடுவரை வருகிறது.
க், ச், த், ப்
முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறது.

சத்தமாகப் பேசினால்?

உயிர்தான் பெருக்கும். மெய் அப்படியேதான்.

யோசித்துப் பார்த்தேன்.
இத்தனை நாள் அவள் சொன்னதெல்லாம் உயிராக வந்தது,
மெய்யை நானே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே மயிரிழைகள் உண்டாம்.
அடிபட்டுச் சாய்ந்தால் எழும்பாது,
உதிர்ந்தால் முளைக்காது,
மிச்சத்தைக் காப்பாற்றுங்கள் என்றாள்.
என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன்.
அவள் சிரித்தது நன்றாகக் கேட்டது.
சிரிப்பில் பெரும்பாலும் உயிர்தான்.

கருவி வந்தது ஐப்பசியில்.
முதல் நாள் பாலித்தீன் பை தீப்பிடித்தாற்போல் சடசடத்தது.
என் செருப்பே என்னைத் துரத்தியது.
ஒரு மாதம் பொறுங்கள், மூளைக்கும் பழக வேண்டும் என்று
துண்டுச் சீட்டில் எழுதித் தந்திருந்தாள்.
ஷிப்டில் கருவி டப்பாவுக்குள்,
காதடைப்பான் காதுக்குள்.
நஞ்சுண்டப்பா சாரிடம் சண்டைபோட்டு
ஒரு பெட்டியே வாங்கிவிட்டேன்.
பொம்மைக்கு இனி வேறு தலையணை.

எட்டாம் நாள் சாயங்காலம்
கடுகு வெடித்தது.
அதற்கு அடியில் ஒரு பேச்சு.
போனில் இல்லை, மகளிடம் இல்லை.
சீட்டுக்காரிக்குத் தரவேண்டிய பாக்கி,
தங்கச்சி மேல் ஆறாத ஒரு கோபம்,
நடுவில் 'இந்த மனுஷன்' என்று என்னைப் பற்றி இரண்டு வரி,
ஒன்று திட்டு,
இன்னொன்று அப்படியில்லை.
நாலடி தூரத்தில்
முதுகைக் காட்டிக்கொண்டு
குரலைத் தாழ்த்தாமல்
ஒரு புள்ளி சிந்தாமல்.

மூன்று பேருக்கு ஒன்றரை அறை வீடு இது.
என் செவிடு
இத்தனை வருடம் அவளுக்கு
ஓர் அறையாக இருந்திருக்கிறது.
உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு
பேசியிருக்கிறாள்.

கழற்றிவிடலாமா என்று
கை காதுவரை போனது.
கழற்றவில்லை.
எழுந்துபோய்
அடுப்படி வாசலில் நின்று
ஒருமுறை இருமினேன்.