நாற்பத்தொன்று குறைகிறது

பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
தரையில் நூற்று எழுபத்தொன்று.
கலால் துறையிலிருந்து வந்த வேதகிரி
மறுபடியும் எண்ணுகிறார்,
இம்முறை ஒவ்வொரு கழுத்தையும் பேனாவால் தட்டி.

மீதி எங்கே என்றார்.
சாக்கை அவிழ்த்துக் காட்டினேன்.
பச்சைக் கண்ணாடிச் சில்லுகள், நெளிந்த மூடிகள்.
எறும்புகள் எங்களுக்கு முன்னாலேயே
தணிக்கையை முடித்திருந்தன.

எப்படி?
வெடித்தது.
எதனால்?

எங்கிருந்து தொடங்குவது.
தொண்டமாநத்தத்துச் செம்மண்ணில் முக்கால் ஏக்கர் பந்தல்.
கம்பத்திலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த குச்சிகள்.
கடற்காற்று ஆகாது என்று சொல்லாதவர் இல்லை.
உண்மைதான், ஆகவில்லை.
முதல் மூன்று வருடம் இலையெல்லாம் மாவு பூத்தது.
மயில்துத்தம் அடி, ஒரே வாரத்தில் நிற்கும் என்றார்கள்.
நான் மோர் தெளித்தேன்.
"கொடிக்கு வெயிலு தாங்கலையாக்கா?"
அஞ்சலாட்சி சிரித்தாள்.
கொத்துக்குப் பாதிக் காயைக் கிள்ளுவது அவள்தான்,
கருணையே இல்லாமல்,
போனைத் தோளில் இடுக்கி
மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்குத் தவணை கேட்டபடி.

பழத்தோலில் ஒரு வெண்படலம் இருக்கும்,
விரல் பட்டால் அழியும்.
அங்கே குடியிருக்கிறது என் ஈஸ்ட்.
பாக்கெட்டில் வாங்குவதில்லை.
சர்க்கரை இல்லை, கந்தகம் இல்லை.
நசுக்கி மூடிவிட்டுக் காத்திருப்பேன்.
மூன்றாம் நாள் பீப்பாய் முணுமுணுக்கும்,
ஐந்தாம் நாள் கொதிக்கும், அடியில் நெருப்பில்லாமல்.

பாதியை அப்படியே விட்டுவிடுவேன்.
மண்டி இறங்கி, மேலே தெளியும்.
பழைய தமிழில் அதற்குத் தேறல் என்று பெயர்.
ஆஸ்பத்திரியில் கேட்கிறோமே,
தேறிடுவாரா டாக்டர் என்று,
அந்தத் தேறுதல்தான்.
ஜிப்மர் வராந்தாவில் பதினொரு நாள்
அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
லூயி தேறவில்லை.
நான் தேறினேனா என்பதற்குப் பதிவேடு கிடையாது.

மறுபாதியை
கொதிப்பு அடங்குவதற்குள் பாட்டிலில் அடைப்பேன்.
மிச்ச இனிப்பை அது இருட்டில் தின்னும்,
தின்றதையெல்லாம் நுரையாக வைத்திருக்கும்,
யாராவது திறக்கும்வரை.
அவ்வளவு பொறுமை எல்லாவற்றுக்கும் இருப்பதில்லை.

போன செவ்வாய், கத்திரி வெயில்,
இரவு நாலு மணி நேரம் கரண்ட் இல்லை.
உள்ளறை ஏசி நின்றது.
முதலில் ஒன்று.
அப்புறம் அதற்குப் பக்கத்தில் ஒன்று.
ஊர் நாய்கள் மொத்தமும் எழுந்தன.
எதிர்மாடியிலிருந்து யாரோ
"எந்தக் கட்சிப்பா ஜெயிச்சுது?" என்றார்.
ஹெல்மெட் மாட்டிக்கொண்டு
நனைத்த சாக்குகளோடு உள்ளே போனேன்.
கால் வைத்த இடமெல்லாம் பன்னீர் திராட்சை வாசம்.
அழுவதா, நக்கிப் பார்ப்பதா என்று தெரியவில்லை.
விரலால் தொட்டு
நாக்கில் வைத்தேன்.
நன்றாகத்தான் வந்திருந்தது.

வேதகிரியின் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
கசிவு. திருட்டு. இயற்கைச் சீற்றம்.
"உயிரோட இருந்துச்சு சார்" என்றேன்.
"அதுக்குக் கட்டம் இல்லீங்க."

அந்த நேரம் பார்த்து
நூற்று எழுபத்தொன்றில் ஒன்று, மூலையில்,
மெல்லச் சீறியது.
மூடி ஓரத்தில் ஒரு குமிழி வளர்ந்து, உடைந்து, மறுபடி வளர்ந்தது.
அவர் ஓரடி பின்வாங்கினார்.
பிறகு பேனாவைப் பையில் செருகி,
கிட்டே போய், குனிந்து,
காது கொடுத்துக் கேட்டார்.
கொஞ்ச நேரம்.

கசிவு என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.
எண்ணிக்கை என்ற இடத்தில்
நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

நான் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினேன்.