தலைக்கணக்கு

திங்கள் காலை, ஓட்டல் வாசலில்
ஒன்பது தலைகள்.
ஆறு நாளைக்கு இதுதான் என் ஜெபம்:
எண்ணுவது, திரும்பி எண்ணுவது.

சோஃபியாவுக்கு வருகிறவர்களை
முதலில் மண்டியிடச் சொல்வேன்.
தேவாலயத்தில் அல்ல.
நடைபாதையை ஒட்டிய ஜன்னல்,
உள்ளே நிலவறையில் ஒரு கடை.
குனிந்தால் கடைக்காரியின் வகிடு தெரியும்.
வருகிற முழங்காலைப் பார்த்தே
எந்த சிகரெட் என்று எடுத்து வைப்பாள்.
முட்டிக்கடை என்போம் நாங்கள்.
எட்டுப் பேர் சிரித்தபடி மண்டியிட்டார்கள்.
வால்ட்டர் மட்டும் நின்றார்,
கம்பை ஊன்றி,
முட்டிக்குள் புது உலோகத்தோடு.

மலையை வாங்கியவர் அவர்தான்.
கெண்ட் நகரத்துச் சமவெளியில்
ஒரு ஜனவரி இரவில் இருவருக்கும் பணம் கட்டினார்:
இரண்டு நாள் நகரம், கோடலீவவுக்கு.
நாலு நாள் மலை, தனக்கு.
பிறகு முட்டி போயிற்று.
கட்டிய பணம் திரும்பாது என்று
எங்கள் அலுவலகம் பணிவாக எழுதியது.

கோடலீவ முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவள்.
"தண்டவாளம் இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை?"
ஆனாலும் அவருடைய பூட்ஸ் நாடாவைத்தான்
தன் பூட்ஸில் கோத்திருந்தாள்.

முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன்:
இங்கே தலை இடவலமாக ஆடினால் ஆம்.
மேலே ஒரு சொடுக்கென்றால் இல்லை.
ரொட்டிக்கடையில் இதனாலேயே
பட்டினி கிடந்தவர்கள் உண்டு.
நானோ தொழிலுக்காக இரண்டு தலை வளர்க்கிறேன்,
ஊராருக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று.

புதன்கிழமை எட்டு.
வால்ட்டர் ஊர் நடுவே
வெந்நீர் ஊற்றுக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார்,
ஐந்து லிட்டர் கேன்களோடு வரும்
பென்ஷன்காரர்கள் மத்தியில்.
நாங்கள் டிராமில் கடைசி நிறுத்தம் வரை.
கோடலீவ ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் நின்று வந்தாள்.
"வளைவில் சீக்கிரம் பிரேக் பிடிக்கிறான்,"
இறங்கும்போது சொன்ன ஒரே விமர்சனம்.

விதோஷாவில் ஒரு கல்லாறு இருக்கிறது.
பசுவளவு, வேன் அளவு பாறைகள்
சரிவெங்கும் ஓடுவதுபோல் கிடக்கும்,
ஓடாது.
ஓடுவதெல்லாம் அடியில்,
கண்ணில் படாமல்,
பூட்டிய வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி.

பனிமூட்டம் இறங்கியது.
டென்மார்க்காரரின் சிவப்புத் தொப்பி
இளஞ்சிவப்பாகி, சாம்பலாகி.
"போகலாமா?" என்று கேட்டேன்.
கோடலீவ தலையை இடவலமாக ஆட்டினாள்.
ஆம் என்று கேட்டுக்கொண்டது
களைத்துப்போன என் ஊர்த்தலை.
நடந்தேன்.

தேவதாரு வளைவில் எண்ணினேன். ஏழு.
மறுபடி, விரல் நீட்டி. ஏழு.
கம்பத்தை விட்டு நகராதீர்கள் என்று
ஏழு பேரையும் நிறுத்திவிட்டு
வந்த வழியே ஓடினேன்.
இருபது வருடத்தில்
ஒரு பெயரை அப்படிக் கூவியதில்லை.
கோடலீவ, கோடலீவ.
பனி அதைப் பஞ்சுபோல் வாங்கிக்கொண்டது.

அவள் மண்டியிட்டிருந்தாள்.
இரண்டு பாறைகளின் இடுக்கில்
தோள்பட்டை வரை கை உள்ளே.
கையில் போன்.
"வேண்டாம் என்றுதானே ஆட்டினேன்,"
திட்டவில்லை, தகவலாகச் சொன்னாள்.
"இன்னும் இரண்டு நிமிஷம். அவருக்கு."
பக்கத்தில் நானும் மண்டியிட்டேன்.
என் மூச்சிரைப்பும் அதில் பதிவாகியிருக்கும்.

சனிக்கிழமை, குழாயடி.
யாரோ ஒரு கிழவியின் கேனைப்
பிடித்துக்கொண்டிருந்தார் வால்ட்டர்,
வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரி.
கோடலீவ போனை அவர் காதில் வைத்தாள்.
வெகுநேரம் கேட்டார். கேன் நிரம்பி வழிந்தது.
"குழாய்ச் சத்தம் மாதிரி இருக்கிறதே," என்றார்.
"முட்டாளே, அதுதான் உன் மலை. பிடித்திருக்கிறதா?"

அவர் தலையை இடவலமாக ஆட்டினார்,
மெதுவாக, நிறுத்தாமல்.
ஆறு நாளாக அந்தக் கிழவிகளோடு இருந்தவர்.
எந்த ஊர்த் தலையாட்டல் என்று
நான் கேட்கவில்லை.
எண்ணினேன். ஒன்பது.