சில கோப்புகளை நகர்த்த இயலாது

கடலின் காய்ச்சல் மூன்று குப்பிகளில் இருக்கிறது.
விரல் நீளம். கறுப்பு. பாசி ஒட்டியவை.
சிப்பிக் கயிறுகளோடு கோடை முழுக்கத் தொங்கி
அரைமணிக்கு ஒருமுறை வெப்பம் குறித்தவை.
அவற்றைப் பேசவைக்கும் மென்பொருளுக்கு
விண்டோஸ் தவிர வேறு பாஷை தெரியாது.
என்னிடம் இருப்பதோ
புவெர்த்தோ மோன்ட்டில் ஒரு பியானோ வாத்தியார்
கடன் தொல்லையில் விற்ற மேக்.

வட்டைப் பிரிக்கச் சொன்னேன்.
ஒரு பட்டை வந்தது, நடுவே ஒரு புள்ளி.
இழுத்து அறுபது ஜிபி கொடுத்தேன்,
வீட்டோடு வந்துவிட்ட மாப்பிள்ளைக்கு
ஓர் அறை ஒழித்துக் கொடுப்பதுபோல, அரைமனதாக.
பாதி ஓடி நின்றது:
சில கோப்புகளை நகர்த்த இயலாது.

எந்தக் கோப்பு? சொல்லவில்லை.

சிலோயேத் தீவில் இதை யாரிடம் போய்ச் சொல்வது.
இங்கே நாங்கள் வீட்டையே நகர்த்துகிறவர்கள்.
எதிர்க்கரையில் கட்டிய சோத்தோ குடும்பத்து வீடு
உருளைக்கட்டைமேல் ஏறி, எருதுகள் இழுக்க,
ஓதம் ஏறும் நேரம் பார்த்துக் கடலில் இறங்கி
படகுகளுக்குப் பின்னால் மிதந்து வந்தது,
ஜன்னல் திரைகூடக் கழற்றாமல்.
இழுத்தவர்களுக்குப் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும்.
ஒரு கோப்பு நகராதாம்.

ரோசமேல் கார்க்கமோ வந்தார்.
எங்கள் கயிறுகளுக்கு முக்குளிப்பவர்.
பிப்ரவரியிலிருந்து நானும் அவரும்
வேலைக்கு வேண்டியதற்குமேல் பேசுவதில்லை.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு வெளிவட்டை எடுத்தார்.
"எல்லாத்தையும் இதுல ஏத்துவோம். அதைத் துடைப்போம்.
திரும்ப இறக்குவோம்."
அழி என்ற பொத்தான்
ஒரே தடவைதான் கேட்டது, நிச்சயமா என்று.
ஆட்டை அறுப்பதற்கு முன் இதைவிட அதிகம் யோசிப்போம்.

ஐந்து மணி நேரம்.
அடுப்பில் இரண்டு சுமை விறகு.
நகராத கோப்பு எதுவென்று கடைசிவரை தெரியாமலே
அதுவும் நகர்ந்திருந்தது.

பிறகு பென்டிரைவ்.
நான்கு ஜிபிக்குமேல் கனமான ஒரு கோப்பு மட்டும்
ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது.
இரண்டாக வெட்டி ஏற்றினோம்.
ஆப்ஷன் விசையை அமுக்கிப் பிடித்தால்
ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் நிற்கிறது.
விண்டோஸ் என்ற பெயரை நம்பித் தொட்டேன்;
இந்த வட்டில் நிறுவ முடியாது என்று கைவிரித்தது.
ஈஎஃப்ஐ என்ற ஒட்டாத பெயரைத் தொட்டதும்
வழிவிட்டது.
"பேரை நம்பக் கூடாது,"
எங்கோ பார்த்தபடி சொன்னார் ரோசமேல்.

நடுவில் ஒருமுறை மின்சாரம் போனது.
அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

கடைசியில் நீலத் திரை ஒன்று வந்து
உன் பெயர் என்ன என்று கேட்டது.
என் கீபோர்டை அதற்கு அடையாளம் தெரியவில்லை,
மவுஸையும்.
வயர் வைத்தது வேண்டும். மணி ஒன்றே முக்கால்.
ரோசமேல் மழையில் போய்
மருத்துவ நிலையத்து நர்ஸ் நோல்ஃபாவை எழுப்பி
அயோடின் கறை படிந்த ஒன்றோடு வந்தார்.
விடிவதற்குள் திருப்பித் தர வேண்டுமாம்.

டேப், டேப், என்டர்.
டேப், டேப், என்டர்.
குப்பிகள் ஒவ்வொன்றாகப் பேசின.

பிப்ரவரி ஒன்பது முதல் பதின்மூன்று வரை
இரண்டு மீட்டர் ஆழத்தில் பத்தொன்பது டிகிரி.
ஐந்து மீட்டரில் பத்தொன்பது.
எட்டு மீட்டரில்,
மூன்று முறை பார்த்தேன்,
அங்கேயும் அதேதான்.

கயிற்றை மேலாகக் கட்டியதால் சிப்பிகள் செத்தன என்று
படகுத்துறையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னவள் நான்.
இரண்டு வாரக் கூலியைப் பிடித்தவளும்.
எண்கள் வரட்டும் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னவர்
இப்போது எண்களைப் பார்க்கவில்லை.
சட்டைக்கையின் நுனியால்
நோல்ஃபாவின் கீபோர்டு இடுக்குகளைத்
துடைத்துக்கொண்டிருந்தார்.

வாயெடுத்தேன்.
கெண்டி கொதித்தது, எழுந்துபோய் இறக்கினேன்.

கூலிக் கணக்கு இந்தப் பக்கத்தில் இல்லை.
கணினியை அணைத்தேன்.
ஆப்ஷன் விசையை அமுக்கிப் பிடித்தேன்.
இரண்டு வட்டுகள் வந்து நின்றன,
எது என்று கேட்டு.